என் ஆறு மேசைகளைப் பிடித்த படிப்பு

அன்புள்ள தங்கை ஷூ-ஹுவிக்கு, சியாயியிலிருந்து அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தைப்பேயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உபசாரம் இத்தோடு முடிந்தது. இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

"அண்ணா, பெய்-ஷானை இந்தக் காலேஜ்லயே சேத்துடு, வெறும் மார்க் வாங்க வைக்கிற இடமில்ல, ஊருக்கு உழைக்கவும் சொல்லித் தருவாங்க" என்று சொன்னது நீதானே? நானும் வருஷத்துக்கு ஒருநாள் பூங்காவில் குப்பை பொறுக்குவார்கள், கையுறையோடு படம் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். இப்போது பார், சமூகப் பொறுப்பு என்று ஒரு பாடம், அதில் தேறாவிட்டால் பட்டமே கிடையாதாம். என் மகள், உன் அருமை மருமகள், அதற்காக எடுத்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே, அதைச் சக்கர நாற்காலி போகும் அளவுக்குக் காலி செய்வது. எந்தத் தெருவில்? ஊரில் வேறு தெருவே இல்லாத மாதிரி நம் சோற்றுக்கடை இருக்கிற தெருவில்!

ஒருநாள் மத்தியானம் கூட்டம் நெரிகிறது, நான் வான்கோழிச் சோற்றைக் கிண்ணம் கிண்ணமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இவள் அளவு நாடாவோடு வந்து வாசலில் சாப்பிடுகிறவர்களிடம், "மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்கிறாள். அவர்களும் கிண்ணத்தோடு காலைத் தூக்குகிறார்கள்! அளந்து முடித்து, "அப்பா, உங்க ஆறு மேசையும் நடக்கற வழியிலதான் இருக்கு. மிச்சம் நாப்பது சென்டிமீட்டர். பூனைதான் போகலாம்" என்றாள். "பூனை போகுதில்ல, அப்புறம் என்ன?" என்றேன். சிரிக்கக்கூட இல்லை தங்கச்சி. தெருவில் இருபத்திரண்டு கடை, இருபத்தோரு பேர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போடாதவன் ஒருவன்தான், அவளைப் பெற்றவன். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மாநகராட்சி வழி ஒதுக்கித் தராதாம், அவள் பாடமும் அம்போதான். ஆனால் வாசல் மேசை போனால் என் வியாபாரம் பாதி போய்விடுமே, அதை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறான்?

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. மாதத்தில் இரண்டு நாள் கடைக்காரர்கள் எல்லாரும் வாசலில் மேசை போட்டுப் படையல் வைக்கிறோம் அல்லவா? படையல் மேசையை எவனாவது தொடுவானா? என் ஆறு மேசை வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு படையல் மேசை போட்டு, பழம், பிஸ்கட், ஊதுபத்தி வைத்துவிட்டேன். ஒரு வாரம் எடுக்கவே இல்லை. வாசல் படையல் அலைகிற ஆவிகளுக்கும் உரியது, அதைத் தினமும் வைத்தால் தெரு என்ன நினைக்கும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. நாலாம் நாள் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடை சூ உள்ளே வந்து என் காதோரம் குனிந்தான். "சியூ, எத்தனை பேருப்பா இருக்காங்க வீட்டுல?"

"நாங்க மூணு பேருதான், ஏன்?"

"உங்களக் கேக்கல. வந்து தொல்லை பண்றாங்களே, அவங்க எத்தனை பேரு?"

நான் மறுக்க மறுக்க அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். ஆறாம் நாள், நான் வெட்டிய வான்கோழிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதாகத் தெருவே பேசியது. உள்ளேயும் ஆளில்லை, வாசலிலும் ஆளில்லை. சூ பாவம், நல்ல எண்ணத்தில், மணியோடு ஒரு பூசாரியையே அனுப்பிவிட்டான். உன் மருமகள் காலி மேசைகளைப் பார்த்து, "ஆவிக்கு வழி எதுக்குப்பா? அது சுவத்துல பூந்து போயிடும். சக்கர நாற்காலி போகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு என்னோடு பேச்சே இல்லை. பெற்ற பெண் பேசாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை தங்கச்சி, அது வேறு விஷயம்.

ஆகையால் நீ உடனே அவளுக்குப் போன் போட்டு வேறு வேலை எடுத்துக்கொள்ளச் சொல். மரம் நடட்டும், முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடட்டும், நான் வேண்டுமானால் கைதட்டுகிறேன். கையெழுத்து மட்டும் இந்த ஜென்மத்தில் போடமாட்டேன்.

உன் வீட்டில் நோய்நொடி அண்டாமல், மாப்பிள்ளையின் முழங்கால் வலி தீர்ந்து, எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்மேல் தீராத கோபத்தில் இருக்கும் அண்ணன்,
சியூ செங்-யாவ்

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குக் கிளம்பினேன், பெய்-ஷான் ஓர் அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள். பார்த்தால் அடுத்த தெரு காவ் டீச்சர். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் நம் கடைக்கு நடந்தே வருவார். வேறு கடைக்கு மாறிவிட்டார் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். "நாலு வருஷமா இந்த முனை வரைக்கும் வந்து வாசனை மட்டும் புடிச்சிட்டுத் திரும்பிப் போறேன், சியூ. உங்க மேசைதான் விடமாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், சிரித்துவிட்டாரே! ஆறு மேசையையும் நானே உள்ளே இழுத்துப் போட்டேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். வெங்காயம் உரிக்கிற சாக்கில் அடுப்படியில் நின்று அழுதேன், உன் அண்ணியிடம் சொல்லிவிடாதே. கையெழுத்தும் போட்டாயிற்று. பெய்-ஷான் தாளைப் பத்திரமாக மடித்துவிட்டு, டீச்சருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி என்னை அதட்டினாள். அந்த அதட்டலில் எனக்கு உயிரே வந்தது. அவளுக்குப் போன் போட வேண்டாம். அதற்குப் பதிலாக, இந்தப் பாடத்தில் அப்பாக்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் விசாரித்து எழுது.