பதினேழாம் எண்ணுக்குக் கிடைத்த விருது

அன்பும் மதிப்பும் கலந்த பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். நான் நலம். துறையும் நலம். நீங்கள் விட்டுப்போன நாற்காலி மட்டும் இடப்பக்கம் சாய்கிறது, நானும் கூடவே சாய்ந்து பழகிவிட்டேன். அங்கே உங்கள் முட்டிவலி, பெரியம்மாவின் கோபம், வாசல் கதவின் கீல், மூன்றும் எப்படி இருக்கின்றன என்று பதில் எழுதவும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "ம்" என்பீர்கள். முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் நடத்தியவரின் "ம்". அதில் சம்மதம் எத்தனை சதவீதம், மறுப்பு எத்தனை சதவீதம் என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. அதனால் கடிதம்.

உங்களுக்கு விருது கிடைத்திருக்கிறது. இந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர்.

உட்கார்ந்துகொண்டுதான் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் மேசையைக் காலி செய்து பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கியது நான்தான். முதல்வருக்கும் தெரியும். உங்களை வழியனுப்பிப் பேசியவர் அவர்தான், பேச்சில் உங்களை இயற்பியல் பேராசிரியர் என்றாரே, அதே முதல்வர். எல்லோருக்கும் தெரிந்தும் இது நடந்துவிட்டது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

போன வருடம் விருது அறிவித்ததும் ஓய்வறையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் மூன்று பேரோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் தன் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். அதனால் இந்த வருடம் முதல்வர் ஒரு யோசனை செய்தார். "பேரே வேண்டாம். நம்பர் போதும். யாருன்னே தெரியாம கொடுப்போம். யாரு சண்டைக்கு வர்றான்னு பாக்கறேன்." ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வருகைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டல்லவா, அந்த எண்ணைக் கருத்துப் படிவத்தின் தலையில் அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். குழு எண்ணை மட்டும் பார்க்கும். எந்த எண் யார் என்ற பட்டியல் உறையில். உறை பெரிய கிளார்க்கின் பீரோவில். குழுவின் செயலர் நான். தகுதி காரணமாக அல்ல. தற்காலிக ஆசிரியர்தான் மினிட்ஸ் எழுத வேண்டும் என்பது இங்கே எழுதாமலே நடக்கிற ஒரே விதி.

இங்கேதான் சிக்கல். தற்காலிகத்துக்கு எண் கிடையாது. சேர்ந்த முதல் நாளே பெரிய கிளார்க்கிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்பர் போஸ்ட்டுக்கும்மா. ஆளுக்கு இல்ல."

"அப்ப நான் எந்த நம்பர்ல கிளாஸ் எடுக்கறது சார்?"

"பதினேழு."

"அது எங்க பெரியப்பாவோட நம்பர் சார். அவரு ரிட்டயர் ஆயிட்டாரு."

"ஆளுதாம்மா ரிட்டயர் ஆனாரு. பதினேழு இன்னும் சர்வீஸ்லதான் இருக்கு. நிரந்தரமா ஒருத்தர் வர்ற வரைக்கும் பழைய பேருதான் நிக்கும்."

கையெழுத்தும் அப்படியே. பதினேழுக்கு எதிரே பதினேழின் கையெழுத்துத்தான் இருக்க வேண்டுமாம். முதல் மாதம் "அவருக்காக" என்று பொடி எழுத்தில் எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டேன். இரண்டாவது மாதம் "அவருக்காக" சுருங்கி ஒரு புள்ளியானது. மூன்றாவது மாதம் புள்ளியும் போய்விட்டது. ஆக, பெரியப்பா, கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் செய்யாத சாதனை.

குழு கூடிய நாளுக்கு வருகிறேன். ஆராய்ச்சி விருதுக்கும் அதே முறைதான், கட்டுரைகளின் தலையிலிருந்து பெயர்களை வெட்டியிருந்தார்கள். மதிப்பிட உட்கார்ந்தவர்களில் நாற்பத்தொன்று ஒருவர். வேதியியல்காரர், உங்களுக்குத்தான் தெரியுமே. கட்டுரை எண்ணிக்கைதான் அவருக்கு நாம் வைத்த பெயர்: நீங்கள் இருந்தபோது முப்பத்தாறாக இருந்தார், இப்போது நாற்பத்தோரு கட்டுரை. ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர், அதில் எங்கேயாவது இவர். ஒரு கட்டுரையை எடுத்தார், இரண்டு பக்கம் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத எழுதினவன் சாதாரண ஆளில்ல. யாருன்னு தெரியல. தெரிஞ்சுக்கவும் கூடாது. ஆனா ஒரு ஆழம் இருக்கு பாருங்க" என்று நூற்றுக்கு நூறு போட்டார். அடக்கத்தில் காது சிவந்துவிட்டது. உறையைப் பிரித்தபோது அது தாவரவியல் மேடம் ஒரு பாசியைப் பற்றி எழுதியது, விருதும் அவருக்குத்தான். நாலு வருடமாக இவரோடு பேசாதவர். நாற்பத்தொன்றில் தன்னுடையது எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஆசிரியர் விருது. அதிக சராசரி, பதினேழு. அறுபத்து மூன்று படிவங்கள். முதல்வர் உறையிலிருந்து உங்கள் பெயரை வாசித்தார்.

நான் பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். மாணவி மாதிரி.

"சார், அது நான்."

"நீங்க மினிட்ஸ் எழுதுங்கம்மா."

"இல்ல சார், அந்தக் கிளாஸ் நான் எடுக்கறது. படிவத்திலயே மேடம்னு எழுதியிருக்காங்க பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டில் "மேடம்" என்று இருந்தது. முதல்வர் படிவங்களைக் கீழே வைத்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே தெரியல" என்றார்.

கூட்டம் முடிந்ததும் தனியே கூப்பிட்டார். கோபமில்லை. சந்தோஷமாகவே இருந்தார். "இத பாருங்கம்மா. வேலையில இருக்கிற யாருக்குக் கொடுத்தாலும் மத்தவங்க என் ரூமுக்கு வருவாங்க. ரிட்டயர் ஆனவரப் பாத்து யாரும் வயிறெரிய முடியாது. கடவுளாப் பாத்துக் கொடுத்த ரிசல்ட். விருது வாங்கறவரே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாதான் மாத்த முடியும், அது எங்க நடக்கப்போவுது?" வெளியே வந்தால் நாற்பத்தொன்று நிற்கிறார். "உறையில ஒரு பேரு மாறினா எல்லாப் பேரும் மாறணும். ஆராய்ச்சி விருதையும் திறந்து பாக்கணும்." அவரைத் தாண்டினால் படிக்கட்டில் தாவரவியல் மேடம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயத் திறந்துடாதடி. பதினோரு வருஷமா அந்த ஒரு பாசியத்தான் பாத்துட்டிருக்கேன்."

விருதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பதினேழாம் பணியிடத்துக்கு அடுத்த மாதம் நேர்காணல். எனக்கு நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போவேனா என்பது அன்று தெரியும். விண்ணப்பத்தில் "பெற்ற விருதுகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரிய கட்டம். அதில் என்ன எழுதுவது என்று பெரிய கிளார்க்கிடம் கேட்டேன். "அதுல கோடு போட்டுடுங்க. அதவிட வேற ஒண்ணு இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டாராம்: "பதினேழு இவ்வளவு நல்லா ஓடிட்டிருக்கே. காலேஜ்லயே பெஸ்ட்டுங்கறீங்க. அப்புறம் எதுக்கு அந்த இடத்துக்குப் புதுசா ஆள் எடுக்கணும்?"

யோசித்துப் பார்த்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நான் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறேனோ அவ்வளவு தேவையில்லாதவளாகிறேன்.

இதற்கிடையில் மேடையில் வாசிக்கப் பாராட்டுரை எழுத வேண்டும். அதையும் செயலர்தான் எழுத வேண்டும். விருதாளர் கடந்த ஆண்டில் செய்த பணிகள், மூன்று பக்கம். நேற்று பெரியம்மாவுக்குப் போன் செய்தது அதற்காகத்தான், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

"பெரியப்பா இந்த வருஷம் என்னென்ன பண்ணாரு பெரியம்மா?"

"யாரு, இவரா?" "காலைல பேப்பர் படிப்பாரு. அப்புறம் அதையே எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. வாசக் கதவு கீல ரிப்பேர் பண்றேன்னு கழட்டி ரெண்டு மாசமாவுது, நான் பின்வாசல் வழியாத்தான் வீட்டுக்குள்ள வர்றேன். ஏன் கேக்கற?"

நான் எழுதியது: "செய்முறைவழிக் கற்றலில் இடைவிடாத ஈடுபாடு கொண்டவர். அன்றாடத் தரவுகளை எளியவருக்கும் புரியும்படி வாய்மொழியாக விளக்குவதில் வல்லவர். வழக்கமான வழிகள் அடைபட்டபோதும் மாற்று வழிகளைத் திறந்துவைத்தவர்." முதல்வர் படித்துவிட்டு, "இவ்வளவு பண்ணியிருக்காரா?" என்றார்.

மீதி இரண்டரைப் பக்கம் என் வகுப்புகளைப் பற்றி. உங்கள் பெயரில். என்னைப் பற்றி நானே இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை. வேறொருவர் பெயர் இருந்தால் கூச்சம் போய்விடுகிறது.

பெரியப்பா, எனக்கு வருத்தமில்லை. நிஜமாகவே இல்லை. முப்பத்து நான்கு ஆண்டு விழாக்களுக்கு நீங்கள் போனது எனக்குத் தெரியும். அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதுச் சட்டை. முதல் வரிசை, ஓரத்து நாற்காலி, கூப்பிட்டால் மேடைக்கு ஏறச் சுலபமாக. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டு "கூட்டம் ஜாஸ்தி" என்பீர்கள். வேறெதுவும் சொன்னதில்லை. பெரியம்மாவும் கேட்டதில்லை. உங்கள் பழைய குறிப்பேடுகளை வைத்துத்தான் நான் முதல் வருடத்தை ஓட்டினேன். ஓரங்களில் "இங்கே பின்வரிசை தூங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக அங்கேதான் தூங்குகிறது. உங்களுக்கு இது பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். தாமதமாக வருகிறது, கொஞ்சம் என் வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

எனவே இருபதாம் தேதி கட்டாயம் வாருங்கள். அலுவலகக் கடிதம் திங்கட்கிழமை வரும், தெரியாதது மாதிரி ஆச்சரியப்படுங்கள். புதுச் சட்டைக்கு இப்போதே அளவு கொடுங்கள். மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்காதீர்கள். வகுப்பைப் பற்றி யாராவது கேட்டால் "ம்" போதும். என் நேர்காணலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏதாவது நடக்கும் அல்லது நடக்காது.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டி படியேறும் அளவுக்குத் தேறட்டும், மேடைக்கு ஐந்து படி இருக்கிறது. ஆசி வழங்கும்போது நேர்காணலையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளவும்.

உங்கள் நாற்காலியில் சாய்ந்தபடி,
தம்பி மகள்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குமுன் படிவங்களைக் கட்டி பீரோவில் வைக்கப் போனேன். ஒன்று நழுவி விழுந்தது. எடுக்கும்போது படித்தேன். "புரியலன்னா இவங்க சலிச்சுக்கறதில்ல. வேற மாதிரி சொல்லிப் பாக்கறாங்க. மூணாவது தடவ எனக்குப் புரிஞ்சுது."

அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை, மதியம் முதல் வகுப்பு. சுண்ணக்கட்டி தீர்ந்துபோய் விரலால் தூசியில் வரைந்தேன். அன்று மூன்றாவது தடவைதான் எனக்கும் புரிந்தது.

மேலே எழுதியதில் கதவுக் கீல் வரை உண்மை. "வருத்தமில்லை" என்ற இடம் பொய். அது என்னுடையது, பெரியப்பா. தரமாட்டேன்.

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. முதல்வருக்கு நீங்கள் எழுதுவதாக நான் எழுதியது: கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எந்த வகுப்பும் எடுக்கவில்லை, எடுத்தவர் இன்னார், விருது அவருக்குச் சேர வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும். உங்கள் கையெழுத்து உங்களைவிட எனக்கு நன்றாக வரும். ஆனாலும் இதை நீங்கள்தான் போட வேண்டும். நாற்பத்தொன்று எல்லாவற்றையும் திறக்கச் சொல்வார். தாவரவியல் மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னை முறைத்தார். "திறக்கட்டும் போ. என் பாசி எங்கயும் ஓடிடாது" என்றார்.

சட்டையைத் தைக்கக் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். முதல் வரிசையில் அதே ஓரத்து நாற்காலியை உங்களுக்காகப் போடச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை படியேற வேண்டாம். முப்பத்து நான்கு வருடம் யார் யாருக்கோ தட்டிய கை, எனக்கும் ஒரு தடவை தட்ட வேண்டும்.