இவண், நலம்விரும்பிகள்

இளவேனில் ரிட்டயர் ஆகிவிட்டாளாம். எனக்குச் சொன்னவர் காங்கேயத்து அத்தை. அத்தைக்குச் சொன்னவர் அவருடைய எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை போட வந்த யாரோ. அந்த யாரோவுக்குச் சொன்னவர் எங்கள் வெங்கடபதி பெரியப்பா. டொராண்டோவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் முதல் நொடியில் சாவுச் செய்தியாகவே கேட்கப் பழகிய காது இது.

"அத்தை, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. டென்னிஸ்தான் போச்சு."

நடந்தது இவ்வளவுதான். இளவேனில் என் சித்தப்பா மகள். சிங்காநல்லூரில் பிறந்து, டென்னிஸையே பிழைப்பாக வைத்துக்கொண்டு நாடு நாடாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள். துருக்கியில் ஒரு போட்டியில், இரண்டாவது செட்டின் நடுவே கணுக்கால் பிசகி, ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்தாள். அப்படி வந்தால் ஸ்கோருக்குப் பக்கத்தில் 'ரிட்டயர்டு' என்று போடுவார்கள். அந்த ஓர் ஆட்டத்தைவிட்டு விலகினாள் என்று பொருள். கால் சரியானால் அடுத்த வாரமே ஆடலாம். ஆனால் பெரியப்பா மில் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். வீட்டு கேட்டில் கறுப்பு கிரானைட்டில் தன் பெயருக்குக் கீழே அதே வார்த்தையைப் பொன்னெழுத்தில் பொறித்துவைத்திருப்பவர். தினமும் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிற வார்த்தைக்கு அவருக்குப் பொருள் தெரியாதா?

இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்தாக வேண்டும். அதன் பெயர் நலம்விரும்பி. கொங்கு நாட்டின் எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும். கல்யாண மண்டபங்களில் கூட்டமாகவும் வாட்ஸ்அப்பில் தனியாகவும் இரை தேடும். "நான் சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பாயும். "எல்லாம் நல்லதுக்குத்தானுங்க" என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொள்ளும். இடையில் கடிபட்டவருக்கு மருந்து கிடையாது.

பெரியப்பா இந்த இனத்தில் முதல் தரம். இளவேனில் எட்டு வயதில் ராக்கெட்டைப் பிடித்தபோது வெயிலில் ஆடினால் கறுத்துப்போவாள் என்றார், பன்னிரண்டில் சப்-ஜூனியர் கோப்பையோடு வந்தபோது பாவாடை கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்றார், பத்தாம் வகுப்பில் பப்ளிக் முடியட்டும் என்றார், பப்ளிக் முடிந்ததும் பிளஸ் டூ முடியட்டும் என்றார், அதுவும் முடிந்ததும் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே 'சைடுல' ஆடட்டும் என்றார், உலகத் தரவரிசையில் முந்நூறுக்குள் வந்தாள் என்று சித்தி ஜிலேபியோடு போனபோது ஒரு ஜிலேபியை எடுத்துக்கொண்டு, "முந்நூறாவது ரேங்க்கா? கிளாஸ்ல மொத்தம் எத்தனை பேருங்க அம்மணி?" என்று கேட்டார்.

கேலி செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் பயங்கரம்.

கணுக்கால் கட்டோடு இளவேனில் ஊர் திரும்பிய அன்றே பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம், பையில் ஒரு மாப்பிள்ளையின் பயோடேட்டா. அவள் அம்மா சண்முகப்ரியா சித்தி எனக்கு வீடியோ காலைப் போட்டு, போனை டிவி மேல் சாய்த்துவைத்துவிட்டுக் காப்பி கலக்கப் போனார். நான் சுவரோரமாக இருந்து பார்த்தேன்.

"கணுக்காலுங்க மாமா. பத்து நாள்ல சரியாயிரும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க," என்றார் சித்தி அடுப்படியிலிருந்து.

"கணுக்கால்ங்கிறது ஒரு சாக்கு அம்மணி. உள்ளுக்குள்ள புள்ளை களைச்சுப்போச்சு. அதையேன் வெளிய சொல்லணும்னு கவுரவமா ரிட்டயர்டுன்னு போட்டிருக்கா."

"பெரியப்பா, நான் போடல. அவங்க போட்டாங்க," என்றாள் இளவேனில்.

"யாரு போட்டா என்ன கண்ணு, போட்டாச்சல்ல?"

நான் டிவி மேலிருந்து வாயைத் திறந்தேன். டென்னிஸில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள் என்று, ஆங்கிலத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் விளக்கினேன். பெரியப்பா என்னைக் கருணையோடு அண்ணாந்து பார்த்தார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியும் அம்மணி. எனக்கு ரிட்டயர்மென்ட் தெரியும்."

 

இளவேனிலின் கணக்கு வேறாக இருந்தது. போர்ச்சுகலில் ஒரு போட்டி. அதில் கோப்பையை வென்றால் தரவரிசையில் ஒரு தாவு. தாவினால் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றில் வாழ்க்கையில் முதல் தரமாக இடம். பதினெட்டு வருஷமாகப் பந்தடித்தது அந்த ஓர் இடத்துக்காகத்தான். இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் தகுதிச் சுற்றுக்கான பட்டியல் அவள் பெயரில்லாமலே மூடிவிடும். இருபத்தாறு வயதுக் கணுக்காலை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

நலம்விரும்பிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறாது. அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு, பாராட்டு விழா. சிங்காநல்லூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. இளவேனிலின் சட்டைக் கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்துவந்த மோட்டார் பம்ப் முதலாளி தமிழ்ச்செல்வன்தான் தலைமை. போர்ச்சுகலுக்கு டிக்கெட் கேட்டபோது அவர் பதறிவிட்டார்: "ரிட்டயர் ஆனவங்களுக்கு டிக்கெட் போட்டா ஆடிட்டர் கேப்பாருங்களே!" பொன்னாடைக்கு ஆடிட்டர் கேட்க மாட்டாராம். கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுத்தாள் அவள்.

நான் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். விழாவைத் தள்ளிவையுங்கள், அவள் ஓய்வுபெறவே இல்லை என்றேன்.  இடிந்துபோன குரலில் சொன்னார்:

"பிளக்ஸ் அடிச்சாச்சு கண்ணு."

இருபதடி பிளக்ஸ். பஸ் ஸ்டாண்டு வாசலில் ராக்கெட்டோடு இளவேனில். 'களத்திலிருந்து விடைபெறும் கொங்கின் சிங்கமே!' என்று மேலே. 'இவண், நலம்விரும்பிகள்' என்று கீழே. நடுவில் அவளைவிடப் பெரிதாக பம்ப்பும், பம்ப்பைவிடப் பெரிதாக முதலாளியும். பிளக்ஸில் ஏறிய செய்தியைப் பொய்யாக்க இந்த மண்ணில் யாரால் முடியும்? மனிதர்தான் இறங்கிவந்து பிளக்ஸுக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும்.

"ஒண்ணும் கவலைப்படாத அம்மணி," என்று அவரே என்னைத் தேற்றினார். "அங்க போனாலும் வியாழக்கெழமையே தோத்துப்போட்டு வந்துருவா. விழா ஞாயித்துக்கெழமைதான்."

வியாழக்கிழமை அவள் ஜெயித்தாள். விழாக் குழுவில் சலசலப்பு. வெள்ளிக்கிழமையும் ஜெயித்தாள். சமையல்காரரிடம் ஆள் எண்ணிக்கை சொல்லியாகிவிட்டதே என்று பெரியப்பா எனக்குச் செய்தி அனுப்பினார். சனிக்கிழமை அரையிறுதியையும் ஜெயித்தபோது, "இன்னைக்குமா ஜெயிச்சுப்போட்டா? இந்தப் புள்ளைக்குப் பெரியவங்கன்னு ஒரு மருவாதி வேண்டாமா?" என்று குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டார். கீழே நாலு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். ஜெயித்ததற்கு வாழ்த்து ஒன்றுகூட இல்லை. காங்கேயத்து அத்தை மட்டும், "அப்ப ஞாயித்துக்கெழமை சாப்பாடு உண்டா இல்லீங்களா?" என்று கேட்டிருந்தார்.

சாப்பாடு உண்டு. விழாவும் உண்டு. இதோ, ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை, சிங்காநல்லூருக்குச் சாயங்காலம், போர்ச்சுகலுக்கு நடுப்பகல். லேப்டாப்பில் மண்டபத்தின் நேரலை. பக்கத்தில் டேப்லெட்டில் இறுதி ஆட்டம். மேடையில் இளவேனிலுக்கு ஒரு நாற்காலி போட்டு, அதில் அவள் படத்தை உட்கார்த்தி, படத்துக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். மாலையும் போடப்போனார்கள். சித்தி முதல் வரிசையிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் ஐந்துக்கு நான்கு, இளவேனில் முன்னால். சர்வீஸும் அவளுடையது. இந்த கேமை எடுத்தால் கோப்பை, அந்த இடம், எல்லாம். கணுக்காலில் வெள்ளைக் கட்டு தெரிகிறது. பந்தைத் தரையில் தட்டுகிறாள்.

மண்டபத்தில் பெரியப்பா மைக்குக்கு வருகிறார். "நான் சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. விழா நாயகி நேர்ல வரமுடியாட்டியும், போன்ல ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்." கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடிக்கிறார். மணி போகிறது, போர்ச்சுகலில் கோர்ட்டோரம் இருக்கும் அவள் பைக்குள். முந்நூறு பேர் இலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

"ஆடிட்டு இருக்கறாளுங்க மாமா!" என்று சித்தி கத்துவது கேட்கிறது.

"ஒரு வார்த்தைதானே அம்மணி. எடு கண்ணு, எடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அந்த இனமில்லை, எனக்குத் தெரியும். யாருடைய மகளிடமும் 'இதையெல்லாம் சைடுல வெச்சுக்கம்மா' என்று சொன்னதில்லை. யாருடைய தோல்விக்கும் முன்கூட்டியே மண்டபம் பிடித்ததில்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று இப்போது உங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது, இல்லையா? அப்படியானால் கையிலிருக்கும் கைபேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். சும்மா ஓர் ஆல் த பெஸ்ட் சொல்லத்தானே எடுத்தீர்கள்?

பெரியப்பாவும் அதற்குத்தான் கூப்பிடுகிறார். மணி போய்க்கொண்டே இருக்கிறது.