டர்போவில் பொரிந்த இறால்

ஐந்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு எஞ்சினில் கை வைப்பவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் தனி வார்டு திறந்தால், முதல் கட்டில் எனக்குத்தான்.

நஸ்ரீனைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடம் நச்சரித்த பிறகு, கல்யாண நாள் பேச வாப்பா ஒத்துக்கொண்டார். எங்களில் அந்தப் பேச்சுக்குப் பெரியவர்கள்தான் போவார்கள், மாப்பிள்ளை போகக்கூடாது. ஆகவே நான் டிரைவராகப் போனேன். (வேனை விட்டு இறங்கமாட்டேன் என்று உம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன்.)

நஸ்ரீனின் வாப்பா கனமூலையில் டீசல் மெக்கானிக். "அஸர் தொழுகைக்கு முந்தி வாங்க. பிந்தினா நான் பள்ளிக்குப் போயிருவேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். வேறொரு மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பிந்தினால் நஸ்ரீன் கை நழுவிவிடுவாள்.

எங்கள் டர்போ டீசல் வேனோ பத்துப் பேர் ஏறினால் மூச்சு வாங்கும். வீடியோக்காரர் வழி சொல்லியிருந்தார்: டர்போ அமுக்கி அனுப்பும் காற்று சூடாகிவிடும், இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கும், காற்று குளிரக் குளிர ஒட்சிசன் கூடும், எஞ்சினுக்கு வலு கூடும். மீன்பிடி ஊரான எங்கள் பள்ளிவாசல்துறையில் ஐஸுக்கா பஞ்சம்? கூடப்பிறந்த நானாவின் மீன் வாடிக் கொட்டிலில் இறால் பெட்டிகளில் மிஞ்சிய ஐஸை இரண்டு சாக்கில் அள்ளினேன். முன் சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்கு மேலிருந்த இன்டர்கூலரில் வைத்துக் கட்டினேன்.

வேன் பறந்தது. உப்பு லொறி ஒன்றை முந்தியபோது பெரியவாப்பாவே அசந்துபோனார்.

"வேன் நல்லா இழுக்குதே. என்ன செஞ்சாய்?"

"சயன்ஸ், பெரியவாப்பா."

வழியில் பாலாவிச் சந்தி வருவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது. ஈரச்சாக்கு மட்டும் இன்டர்கூலரில் ஒட்டிக்கொண்டு, அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் காற்றையும் அடைத்தது. வேன் சைக்கிள் வேகத்துக்கு இறங்கியது. அதே உப்பு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது.

"எங்கயோ இறால் பொரிக்கிறாங்க" என்றார் வாப்பா, ஆசையாக.

ஐஸோடு வந்த இறால் தலைகள் சாக்கின் ஓட்டை வழியாக டர்போ மேல் விழுந்து பொரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் வாசம் நாற்றமானது. பத்துப் பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நாங்கள் புகையோடு போய் நின்றபோது அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. நஸ்ரீனின் வாப்பா தொப்பியோடு வாசல் படலையைத் தாண்டிவிட்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் புகைகிற வேனைக் கண்ட மெக்கானிக்குக்குக் கால் நகருமா? திரும்பி வந்தார். என்னை இறக்கிவிட்டு (சத்தியமும் போச்சு) சீட்டைத் தூக்கினார். சாக்கை உருவி, கருகிய இறால் தலை ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"மொதல்ல இந்த டிரைவர மாத்துங்க" என்றார் வாப்பாவிடம். "மாப்பிள்ளயப் பத்தி பொறகு கதைப்பம்."

வாப்பா தொண்டையைச் செருமினார். "ரெண்டும் ஒராள்தான்."

மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். சன்னலுக்குள் நஸ்ரீன் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"ஐஸ் வெக்க நெனச்சிரிக்கார், பாதி மூளை இரிக்கி" என்றார் கடைசியில். "மத்தப் பாதிய எண்ட மகள் பாத்துக்குவா. வாங்க, தொழுதுட்டு வந்து நாள் வெப்பம்."

நஸ்ரீன் நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். நேற்று எங்கள் மகள் வந்து, "வாப்பா, வேன் இழுக்குதில்ல" என்றாள். நான் கதிரையை விட்டு எழும்புவதற்குள் நஸ்ரீன் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.