கார்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்

முன்னறையிலிருந்து "ச்சு... ச்சு... ச்சு..." என்று ஒரு சத்தம் கேட்டது. அடுக்களையில் பால் பொங்கக் காத்திருந்த ஸ்வீட்லினுக்கு எட்டிப் பார்க்காமலேயே விஷயம் புரிந்துவிட்டது. பல்லி இல்லை. எந்தப் பல்லியும் இத்தனை இரக்கத்தோடு சத்தமிடாது.

துட்டி கேட்க இன்னொரு ஆள் வந்தாயிற்று.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத் திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள். மனிதர் செத்தால் மட்டும் துட்டி கேட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கிரெடிட் கார்டில் பணம் பறிபோனாலும் வந்துவிடுகிறார்கள். அதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. வாசகர்களே, அறிமுகம் செய்துகொள்ளுங்கள்: இதுதான் 'நானா இருந்தா' இனம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. தெருமுனை வரை சிரித்துப் பேசிக்கொண்டு வரும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தையும் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளும், கையில் அரை டஜன் சாத்துக்குடி இருக்கும், உட்கார்ந்ததும் உச்சுக் கொட்டும், பிறகு சாவு வீட்டுக் கேள்விகளையே வரிசை மாறாமல் கேட்கும். எப்போ நடந்துச்சு? பக்கத்துல யாரும் இல்லையா? கடைசியா என்ன சொன்னான்? இறந்தவரின் வயதைக் கேட்கும் இடத்தில் மட்டும் தொகையைக் கேட்கும். தொகை சிறிதாக இருந்தால் அதன் முகம் வாடிவிடும். இதற்கா பஸ் ஏறி வந்தோம்?

ஸ்வீட்லின் யாரையும் ஏமாற்றவில்லை. நாற்பத்திரண்டாயிரம்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ரவிக்கைகளுக்கு முத்து கோர்த்துத் தருகிறவள் அவள். செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்த பரபரப்பான நேரத்தில், போன் வந்தது. "மேடம், மூன்று வருடமாக நீங்கள் ஒரு தவணைகூடப் பிந்தியதில்லை. உங்களைப் போன்ற வாடிக்கையாளர் கிடைக்க நம் பேங்க் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றது தேன் குரல். பதினாறு வருடம் குடும்பம் நடத்திய கணவன் ஹெப்ரான் ஒரு நாளாவது இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அந்தப் பேதை நெஞ்சம் உருகியது. குடம் நிரம்பி வழிந்தது. கண்ணும் கொஞ்சம் வழிந்தது. கார்டு எண்ணைச் சொன்னாள், பின்பக்கத்து மூன்று இலக்கத்தைச் சொன்னாள், போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் சொன்னாள். பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுது முடிக்கும் முன்பே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசிப் புகார் சொன்னாள், கார்டை முடக்கினாள். பாதிப் பணம் வழியில் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, மூன்று நாளைக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள் என்று பேங்கில் சொன்னார்கள். இன்று மூன்றாம் நாள். நாலு மணிக்குக் கதவு மூடிவிடும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: 'ஓ.டி.பி.யைப் பிறரிடம் தெரிவித்தீர்களா?'

'ஆம்' என்று எழுத வேண்டும். இரண்டே எழுத்து. இரண்டு நாளாகப் பேனாவை எடுக்கிறாள், வைக்கிறாள். எழுதாவிட்டால் நாற்பது ரவிக்கைக்கு முத்து கோர்த்துத்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் கை வரவில்லை. வரவிடுவார்களா? நேற்று சாத்தான்குளத்திலிருந்து பெரியம்மா வந்து, "நானா இருந்தா போனையே எடுத்திருக்க மாட்டேன்" என்றாள். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே போனை எடுக்கிற பெரியம்மா!

ஸ்வீட்லின் காப்பியோடு முன்னறைக்கு வந்தாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவுக்காரர் சத்தியநேசன் அண்ணாச்சி, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். அவளை ஸ்கூட்டரில் பேங்குக்குக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டு அக்தர் பானு, சாவியை விரலில் சுழற்றியபடி ஓரத்தில் நின்றாள்.

"ஏ மக்கா, என்ன காரியம் பண்ணிப்போட்டே! அவன் கேட்டாம்னா நீ சொல்லிருவியோ?" என்றார் அண்ணாச்சி.

"தெரியாம சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"நானா இருந்தா, அவன் ஹலோங்கும்போதே கேட்டிருப்பேன். ஏலே, உன் பேரு என்ன, உங்க அப்பன் பேரு என்ன, எங்கன இருந்து பேசுதேன்னு மூணே கேள்வி. அந்தாக்கில போனைப் போட்டுட்டு ஓடியிருப்பான்!"

"மணி மூணாகப் போவுது ஸ்வீட்லின்" என்றாள் பானு.

அண்ணாச்சியின் பார்வை மேஜை மேலிருந்த படிவத்தில் விழுந்தது. எடுத்தார். படித்தார். மறுபடியும் உச்சுக் கொட்டினார்.

"இதை ஏன் குடுக்கே? நம்பரைச் சொன்னது நீதானேன்னு நாலு பேர் முன்னால கேப்பான். ஹெப்ரானுக்கும் தலைகுனிவு. போனது போவுது. பேசாம விட்டுரு. நானா இருந்தா வெளியிலயே சொல்லியிருக்க மாட்டேன்."

ஸ்வீட்லினின் கை படிவத்தை நோக்கி நீண்டது. எழுத அல்ல, கிழிக்க. பானு சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டாள். அந்த ஏழைத் தையற்காரியின் மூன்று மாத உழைப்பு, ஒரு டம்ளர் காப்பிக்கும் ஆறு சாத்துக்குடிக்கும் நடுவே ஊசலாடியது.

கிழிப்பதற்கு முன் அவளுக்கு ஒரு சந்தேகம். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"நீங்க மட்டும் எப்படி அண்ணாச்சி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கிய? ஊர்ல உங்களை மாதிரி விவரமானவங்க யாரும் இல்லையே!"

அவ்வளவுதான். அண்ணாச்சியின் முதுகு நிமிர்ந்தது. துக்க முகம் போன இடம் தெரியவில்லை.

"கேட்டியா, எங்கிட்ட மூணு கார்டு. மூணுக்கும் ஒரே ரகசிய எண். ஏன்? மறக்காதுல்லா! என்ன எண்ணுன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"பிறந்த தேதியா?"

"சே! அது முட்டாப்பய செய்யிற வேலை. என் வண்டி நம்பர்." குரலைத் தாழ்த்தினார். "அப்படியே போட்டா மாட்டிக்கிடுவோம். திருப்பிப் போட்டிருக்கேன்."

மூன்று பேரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். வாசலில் அண்ணாச்சியின் வண்டி, எண் பலகையில் 4176 என்று, வெயிலில் பளபளவென்று நின்றது.

"கார்டு தொலைஞ்சு போனா?" என்று கேட்டாள் ஸ்வீட்லின்.

"தொலைஞ்சா என்ன? இந்தா, போன்ல முன்னும் பின்னும் போட்டோ. நம்ம குடும்பக் குழுவுலயும் போட்டு வச்சிருக்கேன், முப்பத்தாறு பேர்ட்ட பத்திரமா இருக்கும். போனுக்குப் பூட்டெல்லாம் போடல, அவசரத்துக்கு யாராவது திறக்கணும்லா? ஏதாவது வாங்கணும்னா போன் கடையில குடுத்துருவேன். அந்த ஓ.டி.பி. வரும். எழுத்து பொடிசா இருக்கும், நமக்குத் தெரியாது. அவங்களே சத்தமா வாசிச்சுப் போட்டுக்கிடுவாங்க."

பானு துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஸ்வீட்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் கொட்டி முடிக்க நாலே நிமிடம்! அவளிடம் பறிக்க அந்தத் திருடனுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவன் செய்ததும் இதைத்தானே? ஒரு பாராட்டு, நாலைந்து கேள்வி. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பேனாவை எடுத்தாள். 'ஆம்' என்று எழுதினாள். கொட்டை எழுத்தில் எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

"அண்ணாச்சி, உங்க எண் ஆறு ஏழு ஒண்ணு நாலு. சரியா?"

காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஏ... நீ நம்ம பிள்ளைன்னுதானே சொன்னேன்?"

"அவனும் எங்கிட்ட நம்ம பேங்க்னுதான் சொன்னான் அண்ணாச்சி." குரலில் குத்தல் இல்லை. "இன்னைக்கே மூணு எண்ணையும் வேற வேறயா மாத்திருங்க. போட்டோவை எல்லா இடத்துலயும் அழிங்க. வெளிநாட்டுல செலவு பண்ணுதது, ஆன்லைன்ல வாங்குதது, ரெண்டையும் பேங்க் ஆப்ல நிறுத்தி வைக்கலாம். வேணும்ங்கும்போது மட்டும் திறந்துக்கிடுங்க. போனுக்கு வர்ற ஓ.டி.பி.யை நான் கேட்டாலும் சொல்லாதீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்?" என்று முனகினார் அண்ணாச்சி. ஆனால் போனை எடுத்துச் சட்டைப்பையின் அடியாழத்தில் திணித்துக்கொண்டார்.

எழுந்தார். செருப்பை மாட்டினார். துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது என்பது முறை. அன்று அண்ணாச்சி அந்த முறையை அணுவளவும் மீறவில்லை. நேராக வண்டியிடம் போனார். ஸ்டாண்டை எடுக்குமுன், தெருவில் யாரும் இல்லையென்று தெரிந்தும், எண் பலகையை உடம்பால் மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

"வா, இன்னும் நேரமிருக்கு, புடிச்சிரலாம்" என்று பானு வண்டியைக் கிளப்பினாள். ஸ்வீட்லின் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

நீங்கள் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள், வாசகரே? இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'நானா இருந்தா அந்த அண்ணாச்சி மாதிரி உளறியிருக்க மாட்டேன், என் எண் என் கல்யாண...' என்று உதட்டை அசைக்கிறீர்களே! போதும், சொல்லிவிடாதீர்கள். கொண்டுவந்த சாத்துக்குடியை மேஜையில் வைத்துவிட்டுப் பைய வெளியே வாருங்கள். அவளுக்கு நேரமாகிறது.

வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.