விளக்கத்தை எங்கே வைப்பது?

"யோவ், நீ இழுத்த கோட்டாலதான்யா எல்லாக் கடிதமும் நின்னு போச்சு!" என்றார் பக்கத்து மேசை தாடிக்காரர்.

புரோகிராமர் திரையை நோக்கிக் குனிந்தார். குடிநீர் அலுவலகத்தின் அறிவிப்புகளைக் கடிதமாக வடிவமைக்கும் ஸ்டைல்ஷீட் என்ற நிரல் அவர் எழுதியது. அதில் எந்த வரி எதற்கு என்று அவரைத் தவிர ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது. மூன்று மணிக்குக் கடிதங்கள் போயாக வேண்டும். அதற்குள் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் எழுதாவிட்டால் நாளை முதல் வேறு ஆள் என்று மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார். புரோகிராமரும் நூற்று நாற்பது விளக்கங்களை நிரலுக்குள் குறிப்பாக, அதாவது கமெண்ட்டாக எழுதி, தலைப்புக்குத் தலைப்பு ----- என்று கோடு போட்டு அழகு பார்த்திருந்தார்.

"கமெண்ட்டுக்குள்ள ரெண்டு கோடு ஒட்டி வந்தா இந்த எக்ஸ்எம்எல் மொழி ஒத்துக்காதுய்யா."

"ஒரு கோட்டுக்கா இவ்வளவு ரோஷம்?"

"கமெண்ட்டே வேணாம். 'விளக்கம்'னு பேர் போட்டு தனியா ஒரு டேக் வச்சு அதுக்குள்ள எழுது. கௌரவமா இருக்கும்."

கௌரவம் என்றதும் மனிதர் விழுந்துவிட்டார். விசைப்பலகையில் வியர்வை குளம் கட்ட, நூற்று நாற்பதையும் டேக்குக்குள் மாற்றினார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு நிரலை ஓட்டினார். ஒரு முனகல் இல்லை. ஒன்பதாயிரம் கடிதங்கள் மின்னஞ்சலில் பறந்தன.

தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். "ஆமா... கடித வாசகம் வர்ற இடத்துக்குள்ளயுமா டேக்கை வச்சே?"

"எல்லா இடத்துலயும்தான். ஏன்?"

"கமெண்ட்டை மெஷின் விட்டுட்டுப் போயிடும். அங்க வச்ச டேக்கைக் கடிதத்தோட சேர்த்து அனுப்பிடுமேய்யா!"

புரோகிராமர் ஒரு கடிதத்தைத் திறந்தார்.

'தங்கள் பகுதியில் நாளை நீர் விநியோகம் சீரமைப்பு நோக்கில் மட்டுப்படுத்தப்படும். விளக்கம்: தண்ணீர் வராது என்பதை மேனேஜர் இப்படித்தான் சொல்லச் சொன்னார்.

தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். விளக்கம்: இந்த வரி எப்போதும் வரும். வருத்தம் இருக்கிறதா என்று சோதிப்பதில்லை.'

தொலைபேசிகள் ஒன்று விடாமல் அலறின. மேனேஜர் அம்மா அறையிலிருந்து புயலாக வந்தார். கையில் அதே கடிதம்.

"இது என்ன சார்?"

"விளக்கம் மேடம்..."

"யாருக்கு?"

புரோகிராமர் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியையும் வைத்தார். பிறகு கண்ணாடியைத் தேடினார்.

தொலைபேசி அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மேடம், இப்ப லைன்ல இருக்கறவரோட சேர்த்து நூறு பேர் ஆச்சு. விளக்கம் வந்துக்கிட்டே இருக்கட்டுமாம். அந்தக் கடிதத்தைத்தான் நிறுத்தச் சொல்றாங்க!"