குருவி நெஞ்சில் கட்டிய பெட்டி

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதுவது.

இங்கு யாவரும் நலம். நீயும் உன் அச்சகமும் அவ்விதமே நலமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். ஃபோனை எங்கோ வைத்துவிட்டேன். அடித்தால் வீட்டுக்குள்தான் சத்தம் கேட்கிறது, இடம் பிடிபடவில்லை. அது கிடக்கட்டும், நன்றியைக் கைப்பட எழுதுவதுதான் மரியாதை.

என் செல்ல மகள் குருவிக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்களே, அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. அதனால் என் பயம் உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு உயிர். ஆனால் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிவிடுகிறாள். "இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கோ" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். மனநல டாக்டர் பரிசோதித்து, இது அசட்டை இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்றார். "எங்க பக்கம் யாருக்கும் இது கிடையாது டாக்டர், எல்லாம் அவ அம்மா வழி" என்று நான் உடனே தெளிவுபடுத்திவிட்டேன். என் கல்யாணத்துக்கே காலுக்கு ஒரு விதமான செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவன் நீ. தப்பாக நினைக்காதே.

சிக்கல் என்னவென்றால், வழக்கமாகக் கொடுக்கிற மருந்து இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டுமாம். "இதய டாக்டர் சரின்னு சொன்னாத்தான் எழுதுவேன்" என்றார் இந்த மனநல டாக்டர். "எந்த மருந்து, எவ்வளவுன்னு தெரியாம எதுக்கு நான் சரி சொல்றது?" என்றார் அந்த இதய டாக்டர் அம்மா. நடுவில் நான் தபால்காரன் ஆனேன். 'பார்த்துக் கொடுக்கலாம்' என்று அந்த அம்மா சொன்னதை இவரிடம் 'பார்க்கலாம் என்றார்' என்று சேர்த்தேன். இவர் யோசித்து, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற வேறு வகை மருந்தும் இருக்கிறது, ஆனால் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், கேட்டுவாருங்கள் என்றார். கேட்கத்தான் போனேன். போகிற வழியில் ஒரு தையல் கடையில் மெஷின் சத்தம் சரியில்லை. தையல் மெஷின் ரிப்பேர்காரன் காதில் அது விழுந்தால் சும்மா போக முடியுமா? உள்ளே போய்ப் பிரித்து, எண்ணெய் போட்டு, மாட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் நீ ஃபோனில் கத்தினாய்: "அத்தான், நீங்க நடுவுல நிக்காதீங்க. அவங்க ரெண்டு பேரையும் நேரா பேச விடுங்க!" பேசினார்கள். எங்கள் எதிரிலேயே, ஒரு காப்பி ஆறும் நேரத்தில் பேசி முடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் புண்ணியம் உனக்குத்தான்.

மருந்து தொடங்குமுன் துடிப்பைப் பதிவு செய்கிற ஒரு சின்னப் பெட்டியை நெஞ்சில் ஒட்டி, "ஒரு நாள் பூரா எப்பவும் போல இரும்மா" என்று இதய டாக்டர் அனுப்பினார். நான் விடுவேனா? குருவியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். படி ஏறக் கூடாது, சிரிக்கக் கூடாது, யாரும் உரக்கப் பேசக் கூடாது. "அது பொண்ணா, பொம்மையா?" என்று உன் அக்கா கேட்டாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது யாரோட இதயம்? பகல் பூரா தூங்கியிருக்கே!"

உண்மையைக் கக்கினேன். அவர் திட்டவில்லை. "நல்ல மார்க் வாங்க இது பரீட்சை இல்லைங்க. அவ ஓடும்போது, சண்டை போடும்போது என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் நான் பயமில்லாம சரின்னு சொல்ல முடியும்" என்றார். திரும்பவும் பெட்டி. இந்தத் தடவை குருவி பஸ்ஸைத் துரத்தினாள், மாடிப்படியில் தாவினாள், என்னோடு மனசாரச் சண்டை போட்டாள். இதயம் ஒன்றுக்கும் அசரவில்லை. வழக்கமான மருந்தையே மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அழுத்தமும் துடிப்பும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதாக இருவரும் முடிவு செய்தார்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே கூப்பிட வேண்டும். இதுவரை ஒன்றும் இல்லை.

நேற்று எனக்கே ஒரு கண்ணாடி செய்து மாட்டிவிட்டாள். வலது வலதில், இடது இடதில். "முன்னாடி எல்லா சத்தமும் ஒண்ணா கேக்கும்பா. இப்போ ஒவ்வொண்ணா கேக்குது" என்றாள். பாராட்டுகிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். "கையை விடுங்கப்பா" என்றாள். அந்த இரண்டு டாக்டர்களுக்கும் உனக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்? நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், தொலைத்ததெல்லாம் கிடைத்து, நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உங்கள் வம்சத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. மனநல டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்து அவர் நாற்காலிச் சக்கரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேனாம். "இது குடும்பத்துல வர்றதுதான். அம்மா வழின்னா சொன்னீங்க?" என்று கேட்டு என்னையும் பரிசோதித்து, மாத்திரைக்கு முன் என் இதயத்தையும் பார்க்கச் சொல்லிவிட்டார். இன்று காலை முதல் பெட்டி என் நெஞ்சில். பயத்தில் சாய்வு நாற்காலியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். குருவி வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அப்படியே கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள்.

"எப்பவும் போல இருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."