வாஷிங் பவுடருக்குப் பின்னால் ஒரு டப்பா

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து பிழைக்கிறவன் நான். டெய்லர். என் இடுப்பை மட்டும் அளந்து பல வருஷமாயிற்று. டேப் பாவம் என்று விட்டுவிட்டேன்.

அன்று ஒரு கஸ்டமருக்குக் கால் அளவு எடுக்கக் குனிந்தேன். என் பேண்ட் பட்டன் தெறித்துப் போய் அவர் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. இவனிடமா துணி கொடுத்தோம் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சபதம் செய்தேன். வரப்போகிற அரை மாரத்தானை ஓடி முடிப்பேன். இந்தத் தொப்பையைக் கரைப்பேன். முடியாவிட்டால் கத்திரிக்கோலைத் தொடமாட்டேன்!

அரை மாரத்தான் என்றால் இருபத்தொரு கிலோமீட்டர் என்பதை அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு ஏ.சி. மெக்கானிக் வழி சொன்னான்.

"அண்ணே, ஓடணும். ஆனா சாப்பிடக் கூடாது. பெட்ரோல் ஊத்தாம வண்டியை ஓட்டுங்க. டேங்குல இருக்கற பழசெல்லாம் தீர்ந்துடும்."

"தீர்ந்ததும் வண்டி நின்னுடுமேப்பா?"

"உங்க டேங்குக்கு அந்தக் கவலையே வேண்டாம்ணே."

என் மனைவி குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். ஒரு கூடம் நிறைய வாண்டுகளுக்கு ஒற்றை ஆளாகச் சோறூட்டித் தூங்க வைத்துவிடுவாள். அது ஒரு பெரிய வித்தை என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. மறுநாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, ரெண்டு முட்டையாவது சாப்பிட்டுட்டு ஓடுங்க."

"முட்டையா? அதுல எவ்வளவு கலோரி இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். ஓடறதுக்கு எவ்வளவு கலோரி வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இது மன உறுதியில ஓடற வண்டி!"

"வாழைப்பழம்?"

"வெந்நீர் போதும்."

மதியம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தட்டில் கொண்டு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரவும் தட்டு வந்தது. தள்ளிவிட்டேன்.

அந்த வாரமே அது நடந்தது. கடைக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். எல்லா விதத்திலும் பெரியவர். அவர் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டவன் அப்படியே அவரைக் கட்டிக்கொண்டு மயங்கிவிட்டேன். பாசம் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தாராம்.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மனைவி திட்டவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரிங்க. இனிமே உங்களைச் சாப்பிடச் சொல்லவே மாட்டேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் ஓடிவிட்டு வந்து, அவள் சொன்னபடி வியர்வைப் பனியனைப் போட வாஷிங் மெஷின் பக்கம் போனேன். அது எனக்குப் பழக்கமில்லாத பிரதேசம். மேலே அலமாரியில் வாஷிங் பவுடர் டின். அதன் பின்னால் ஒரு டப்பா. திறந்தால் அவித்த முட்டை, கிழங்கு, வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி கள்ளி! புருஷனைப் பட்டினி போட்டுவிட்டு நீ மட்டும் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாயா? அப்படியானால் நான் எடுத்தாலும் உன்னால் கேட்க முடியாதே. கேட்டால் உன் குட்டு வெளிப்படும். நின்ற இடத்திலேயே டப்பாவைக் காலி செய்தேன். மறுநாளும் டப்பா நிறைந்திருந்தது. அவள் மூச்சுவிடவில்லை. பாவம், எப்படி விடுவாள்?

ஆனால் தினமும் அந்தப் பக்கம் போக ஒரு காரணம் வேண்டுமே.

"இனிமே துணி துவைக்கறது என் பொறுப்பு" என்றேன்.

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை?"

"உடற்பயிற்சி மாதிரிதானே?"

"அப்போ காயப்போடறது, மடிக்கறது?"

"அதுவும்தான்!"

ஒன்றை மட்டும் கவனித்தேன். நெடுந்தூரம் ஓடுகிற நாளில் டப்பா பிதுங்கும். ஓட்டமில்லாத நாளில் ஒரு வெள்ளரிக்காய் மட்டும் கிடக்கும். என் அதிர்ஷ்டம் அப்படி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மயக்கம் வரவில்லை. தொப்பை மெதுவாக வற்றியது. கால்களுக்குத் தெம்பு வந்தது. அரை மாரத்தானை ஓடியே முடித்தேன். கடைசி ஆளாகத்தான், ஆனாலும் முடித்தேன். கத்திரிக்கோல் பிழைத்தது.

மறுநாள் மெக்கானிக் பார்க்க வந்தான். தொளதொளத்த பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உபதேசம் செய்தேன்.

"வெந்நீர், மன உறுதி. வேற ஒண்ணும் இல்ல தம்பி."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். மனைவி கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, டப்பாவை இடம் மாத்திட்டேன்."

"எந்த டப்பா?"

"மன உறுதியைப் போட்டு வச்சிருந்தேனே, அந்த டப்பா."



"அது... நீ உனக்குன்னு வச்சது இல்லையா?"

"எனக்கு எதுக்கு அத்தனை கிழங்கு? நானா ஓடறேன்? பட்டினி கிடந்துகிட்டே ஓடினா உடம்பு உருகும், தொப்பை அப்படியே இருக்கும். ஓடற அன்னிக்கு ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி சாப்பிடணும். ஓடாத அன்னிக்குக் குறைச்சுக்கணும்."

"அப்போ அந்த வெள்ளரிக்காய்?"

"அது ஓடாத நாளுக்கு."

"இதை நேராக் கொடுத்திருக்கலாமே!"

"கொடுத்தேனே, தள்ளிவிட்டீங்களே. காப்பகத்துல ஒரு வாண்டு இருக்கான். ஊட்டினா துப்புவான். ஒளிச்சு வச்சா தேடிப் பிடிச்சுத் தின்பான். உங்களைப் பார்த்ததும் அவன் ஞாபகம் வந்துச்சு. அவனுக்கு மூணு வயசு."

கோபப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. இவளல்லவா கெட்டிக்காரி! ஓடியவை என் கால்கள், ஓட்டியவள் இவள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல், என் வறட்டு கௌரவத்துக்கு ஒரு கீறல் விழாமல், என்னைக் கரை சேர்த்திருக்கிறாள். அதைச் சொல்லியும் விட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஆனா அந்தத் துணி துவைக்கற வேலை..."

"அது நான் போட்ட திட்டம் இல்லீங்க. நீங்களா வந்து மாட்டினது."

சாயங்காலம் பசித்தது. சமையலறைக்குப் போனேன். டப்பா கண்ணில் பட்டுவிட்டது. தொட்டியில் மலை போலக் குவிந்த பாத்திரங்களுக்குப் பின்னால், சுவரோரம். எதை உருவினாலும் மொத்தமும் என் தலையில் சரியும். வேறு வழியில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அடிப்பிடிச்ச குக்கரைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க!"

அழுத்தித்தான் தேய்த்தேன். கடைசிக் கரண்டி வரை கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆசையோடு டப்பாவைத் திறந்தேன்.

ஒரே ஒரு வெள்ளரிக்காய்.